பெற்றோர் கையொப்பமிடும் இடம்

அப்பா வந்துதான் கையெழுத்துப் போடணுமாம். சொல்லிவிட்டு அந்தம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள், என்னமோ நான் ஓசியில் கறிவேப்பிலை கேட்டு வந்தவள் மாதிரி. மேஜையில் பெயர்ப்பலகை: செண்பகலட்சுமி, அலுவலகக் கண்காணிப்பாளர். என் கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் நேற்று முழுக்க என் மகள் தாரணி இந்த பார்மசி காலேஜில் மாடி ஏறி மாடி இறங்கி வாங்கிய நோ டியூஸ் தாள், லைப்ரரி சீல், நாலு லேப் சீல், ஹாஸ்டலில் ஒரு நாள்கூடத் தங்காததற்கு ஹாஸ்டல் வார்டன் சீல். அதோடு, படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று அவள் கைப்பட எழுதிய கடிதம். கீழே அவள் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்று எழுதி மேலே ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் ஒன்றும் இல்லை. "நானும் பெத்தவதாங்க" என்றேன். "தெரியுது மேடம். ஆனா அட்மிஷன் ஃபார்ம்ல யார் சைன் பண்ணாங்களோ அவங்கதான் டிஸ்கன்டினியூவுக்கும் பண்ணணும். ஃபார்ம்ல ஃபாதர் சைன் இருக்கு. பிரின்ஸ்பால் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பார்." "பார்த்து?" "ஒத்துப்போனாத்தான் டிசி. சார் ஒரு மணிக்குக் கிளம்பிருவார், உங்க வீட்டுக்காரரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க." கடிகாரத்தில் பதினொன்று இருபது. டிசியும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் சாயங்காலம் ஐந்துக்குள் தேனி மெடிக்கல் காலேஜ் கவுன்டரில் இருக்க வேண்டும். இன்றைக்குத்தான் கடைசி நாள். நாளைக்குப் போனால் அந்த சீட் வேறு யாருடையதோ. தாரணி விடியற்காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள், மெடிக்கல் செக்கப்புக்கு வரிசையில் நிற்க. பஸ் படியில் ஏறிக்கொண்டே, "வாங்கிட்டு வந்துருவேல்லம்மா?" என்றாள். "வராம?" என்றேன். பெரிய வீராங்கனை. இப்போது வராந்தாவில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

போனை அடித்தால் வீட்டுக்காரர் எடுக்கமாட்டேன் என்கிறார். மூன்று தடவை அடித்துவிட்டேன். கடையில் கூட்டம் என்று சொல்வார். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு எந்த மெடிக்கல் ஷாப்பில் என்ன கூட்டம்? கல்லாவுக்குப் பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்திருப்பார், அது நடுங்கி நடுங்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத் தெரியும், அந்த மனுஷனோடு இருபத்திரண்டு வருஷம். கோபம் வந்தால் கத்தமாட்டார், சாமானைத் துடைப்பார். முந்தாநாள் சீட் கிடைத்த ஆர்டரை தாரணி கொண்டுபோய்க் காட்டினாளே, படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார், ஈரத்துணியை எடுத்துக் கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தார். அலமாரிக்கு மேலே கோவர்த்தனன் சர்டிபிகேட் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. கோவர்த்தனன் எங்கள் கடையின் பார்மசிஸ்ட். கடைக்கு வந்தால் எனக்கே அடையாளம் தெரியாது. அவன் கரூரில் வேறு வேலை பார்க்கிறான், அவன் சர்டிபிகேட் மட்டும் மதுரையில் எங்கள் சுவரில் வேலை பார்க்கிறது. ஊரில் பாதிக் கடை இப்படித்தான். இன்ஸ்பெக்டர் வந்தால், "இப்பத்தான் சாப்பிடப் போனார்" என்று சொல்ல வேண்டும். பதினேழு வருஷமாகச் சாப்பிடுகிறான் அந்தக் கோவர்த்தனன். அந்தப் பயத்தோடேயே கடையைத் திறந்து அந்தப் பயத்தோடேயே மூடுகிற மனுஷன், மகளை பி.பார்ம் சேர்த்த அன்றைக்கே ஃபிரேமுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்தார். இரண்டு வருஷமாக வெறும் ஆணி. பாவம்தான். பாவமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆணிக்காகப் பெண்ணைத் தொங்கவிட முடியுமா?

உள்ளே எங்கேயோ லேபிலிருந்து தலைவலித் தைல வாசனை வருகிறது. தாரணி சுரிதாரிலும் இதே வாசனைதான் வரும், மூன்று தண்ணீர் அலசினாலும் போகாது. முதல் வருஷம் முதல் பிராக்டிகல் முடிந்து வந்து, "ரெண்டு மணி நேரம் ஜீரா காய்ச்சினோம்மா" என்றாள். சிரப்புக்கு அதுதான் அடிப்படையாம். "குலாப் ஜாமூன் போட்டாங்களா?" என்றேன். சிரித்தாள். அந்த வருஷம் அவள் சிரித்த ஒரே நாள் என்று நான் கதை விடமாட்டேன். நிறையச் சிரித்தாள், நல்ல மார்க் வாங்கினாள், பார்மசி ஒன்றும் மட்டமான படிப்பில்லை. எதிர் பெஞ்சில் வெள்ளைக் கோட்டுப் போட்ட மூன்று பெண்கள் ரெக்கார்ட் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ குசுகுசுக்கிறார்கள், நல்ல பிள்ளைகள், இந்தப் படிப்பு பிடித்துப் படிக்கிறவர்கள், இவர்கள் கையால் மாத்திரை வாங்கினால் எனக்குச் சந்தோஷம். இவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றுகூட இல்லை. "மாத்திரை உடம்புக்குள்ள போய் என்ன பண்ணும்னு புக்குல இருக்கும்மா. யார் உடம்புன்னு இல்லை" என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். சீவுகிற கை நின்றது. பெற்ற பிள்ளை திடீரென்று ஒரு வாக்கியம் சொல்லும்போது யாரோ வேற்று மனுஷி வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அவளைக் கடையில் உட்கார வைத்தது தப்பாகப் போயிற்று, அவர் கணக்குக்கு. லீவில் தொழில் பழகட்டும் என்று உட்கார வைத்தார். ஜனங்கள் வருவார்கள், "தலைவலி, உடம்பு வலி, ஒரு செட்டு குடுங்க டாக்டரே" என்பார்கள். செட்டு என்றால் நாலு கலர் மாத்திரை பிரித்து ஒரு காகிதக் கவரில். அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஒரு நாள் ஒரு பூக்காரம்மா நெஞ்செரிச்சல் என்று வந்தாள். இவர் செட்டைப் பிரித்துவிட்டார். தாரணி கவுன்டரைத் தாண்டி வந்து அந்தம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேர்த்துக் கொட்டுது, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிப் போய்விட்டாள். நெஞ்செரிச்சல் இல்லை அது. பூக்காரம்மா பிழைத்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள், சத்தம் போடாமல், ரசத்தைப் பிசைந்துகொண்டே: "அவங்க டாக்டர்னு கூப்பிட்டா நீங்க திரும்பிப் பார்க்காதீங்கப்பா." அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் துடைக்காத சாமான் கிடையாது.

அம்மாவின் கனவை மகள் நிறைவேற்றுகிறாள் என்று எவளாவது என்னிடம் வந்து பல்லிளித்தால் கடித்துவிடுவேன். எனக்கு அப்படிக் கனவும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். கோழிக்கடையில்கூடப் பின்னால் திரும்பி நின்றுகொள்வேன். அவளுடைய பார்மகாலஜி நோட்டின் கடைசிப் பக்கங்களில் பிசிக்ஸ் கணக்கு இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். கப்பியும் கயிறும் படம் போட்டு, கூட்டிக் கழித்து, தப்பு, தப்பு, சரி. மருந்துக் காலேஜில் கப்பி என்னத்துக்கு? நோட்டை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். மறுநாளிலிருந்து அவள் ரூமுக்கு இரண்டாவது டம்ளர் காப்பி போக ஆரம்பித்தது. அவளும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெடிக்கல் பரீட்சை எழுதியது, மார்க் வந்தது, கவுன்சலிங், எல்லாம் அவருக்குத் தெரியாமல். அதுதான் அவருக்கு வலி. "எனக்குத் தெரியாம" என்று முந்தாநாள் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு, "ரெண்டு வருஷம் வீணா? இருபது வயசு. இன்னும் அஞ்சரை வருஷம். இருபத்தாறுல யார் கட்டுவா?" கேள்வி கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை. எனக்கும் அந்தப் பயம் இல்லாமலா? ராத்திரி என்ன, பகலிலேயே வருகிறது, இதோ இந்த பெஞ்சில் வருகிறது: அங்கே போயும் பிடிக்கவில்லை என்று வந்து நின்றால்? அங்கே அனாடமியில் மயங்கி விழுந்தால், என் ரத்தம்தானே ஓடுகிறது? இருந்த படிப்பும் போய், வந்த படிப்பும் போய், இருபத்திரண்டு வயதில் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தால்? பார்க்கட்டும். நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். முதலில் அந்த டிசி கைக்கு வரட்டும்.

பன்னிரண்டு ஆகிவிட்டது. நாலாவது தடவை அடித்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. ஃபாதர் சைன் இருக்கு என்கிறாள். இவர் எப்போது இந்தக் காலேஜுக்கு வந்தார்? வரவே இல்லையே. அட்மிஷன் அன்றைக்குக் கடையில் ஸ்டாக் வந்திருந்தது, நானும் தாரணியும்தான் வந்தோம், இதே வராந்தா, இதே பெஞ்ச், இந்த இடத்தில்தான் ஃபார்மை மடியில் வைத்து... அட கடவுளே. நான். நான்தான் போட்டேன். கோ. தனபால் என்று, கொம்பைச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்து, கீழே இரண்டு புள்ளி. எல்.கே.ஜி. டைரியிலிருந்து நான்தான் போடுகிறேன், புராகிரஸ் கார்டு, லீவ் லெட்டர், டூருக்குச் சம்மதம், பஸ் பாஸ். "நீயே போட்டுரு வசு" என்பார் கடையிலிருந்து. முதல் தடவை பயந்து போட்டேன், அப்புறம் கை பழகிவிட்டது. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் அசூந்தா, எழுத்துச் சாய்ந்தால் மர ஸ்கேலை விரல் முட்டியில் வைப்பாள், தமிழ் பேசினால் இன்னொன்று வைப்பாள். அவள் அடித்து வளர்த்த கை இது, எந்த எழுத்தையும் பார்த்தபடியே போடும். அவருடைய நிஜக் கையெழுத்தைவிட என்னுடையது நன்றாக இருக்கும், நிதானமாக, ஒரு குடும்பத் தலைவனின் கையெழுத்து எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. அவருடையது கோழி கிளறியது. அப்படியென்றால் இப்போது அவரே டாக்ஸி பிடித்து வந்து, உட்கார்ந்து, மனசார, சந்தோஷமாகப் போட்டாலும் ஒத்துப்போகாது. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர் பெஞ்சுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சிரிப்பு ஒரு நிமிஷம்தான் இருந்தது. செண்பகலட்சுமி வாட்டர் பாட்டிலோடு வெளியே வந்தவள் என் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "உங்க சார் வரலையா?" என்றாள். "வரமாட்டார் போல." "வெளிய ஜெராக்ஸ் கடை இருக்கு மேடம். அங்க வரைக்கும் சார் வந்தார், அவசரமாப் போட்டுக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார்னு சொன்னீங்கன்னா நான் என்ன கேமராவா வச்சிருக்கேன்? பாதிப் பேர் அப்படித்தான் வாங்கிட்டு வர்றாங்க." நல்ல மனுஷிதான், கறிவேப்பிலை என்று நினைத்ததை வாபஸ் வாங்கிக்கொண்டேன். பேனா பையில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைகூட வேண்டாம், படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று போட்டால் அரை நிமிஷம். அச்சு அசலாக இருக்கும். பிரின்ஸ்பால் பூதக்கண்ணாடி வைத்தாலும் ஒத்துப்போகும். ஒன்றரை பஸ்ஸில் நான் இருப்பேன். எழுந்தேன். படிக்கட்டுக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் கடிதத்தை வைத்துப் பேனா மூடியைத் திறந்தேன். கோ என்று ஆரம்பிக்கக் கை போனது, தானாகவே, கொம்பு போடுகிற வளைவோடு. நின்றுவிட்டது. ஏன் நிற்கிறது இந்தச் சனியன் பிடித்த கை? போடேன். பிள்ளை அங்கே வரிசையில் நிற்கிறாள். போடு.

போட முடியவில்லை. ஏனென்றால் அட்மிஷன் அன்றைக்கு அந்த பெஞ்சில் என் பக்கத்தில் தாரணி உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கொஞ்சம் மார்க்கில் மெடிக்கல் சீட் தப்பிப் போயிருந்தது. "ஒரே ஒரு வருஷம்மா, இன்னொரு தடவை எழுதறேன்" என்று நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவருக்கு இங்கிருந்தே போன் போட்டேன். "பார்மசில போட்டுரு, முடிஞ்சது பேச்சு" என்றார். நான் ஃபார்மை மடியில் வைத்து அழகாக, நிதானமாக, கோ. தனபால் என்று போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டு என்ன சொன்னேன்? "நான் என்னடி பண்றது, அப்பா கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன். சொன்னேன். அப்படியே சொன்னேன், மை காயாத பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு. எவ்வளவு சௌகரியம்! பதினைந்து வருஷமாக எனக்குச் சொல்லத் துணிவில்லாத ஒவ்வொன்றையும் அந்தப் பெயருக்குப் பின்னால் நின்று சொல்லியிருக்கிறேன். ஹாக்கிக்குப் போகாதே, அப்பா விடமாட்டார். டூர் வேண்டாம், அப்பா கையெழுத்துப் போடமாட்டார். எவர் போடமாட்டார்? போடுகிறவள் நான். அவரைக் கொடுமைக்காரர் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு நல்ல அம்மாவாக நின்றேன். இப்போதும் கோ. தனபால் என்று போட்டு டிசியை வாங்கினால், நாளைக்கு அவர் துடைப்பார், நான், "காலேஜ்ல எப்படியோ குடுத்துட்டாங்கங்க" என்பேன், தாரணியிடம், "எப்படியோ சமாளிச்சேன்டி" என்பேன். எப்படியோ. இருபத்திரண்டு வருஷமாக எப்படியோ. வேண்டாம். நான் சொல்கிறேன், என் மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறாள், நான் அனுப்புகிறேன், எவருக்கு என்ன?

பேனாவை அழுத்தினேன். வேடிக்கையைப் பாருங்கள், என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியாக எங்கே போட்டேன்? கல்யாண ரிஜிஸ்டரில். வ-சு-ம-தி. நாலே எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது, முதல் நாள் அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி. சாய்வில்லை, சுழியில்லை, வால் இல்லை. அசிங்கமாக இருந்தது. இருக்கட்டும். அந்த ஈரத்தை ஊதிக் காயவைத்துக்கொண்டே அவருக்கு ஐந்தாவது தடவையாகப் போன் போட்டேன், எடுக்கவில்லை, பிரின்ஸ்பால் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். செண்பகலட்சுமி, "மேடம், மேடம்" என்று ஃபைலோடு பின்னால் ஓடி வந்தாள். பிரின்ஸ்பால் நல்லமுத்து, வழுக்கை, சட்டைப் பையில் மூன்று பேனா. கடிதத்தைப் பார்த்தார், ஃபைலில் அட்மிஷன் ஃபார்மைப் பார்த்தார். "இது ஃபாதர் கையெழுத்து இல்லையேம்மா." "இல்லை சார். அந்த ஃபார்ம்ல இருக்கறதும் ஃபாதர் கையெழுத்து இல்லை." செண்பகலட்சுமி வாயில் கை வைத்தாள். "ரெண்டும் என் கைதான் சார். அன்னைக்கு அவர் பேரை எழுதினேன், இன்னைக்கு என் பேரை எழுதியிருக்கேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா? அந்த அட்மிஷனே செல்லாதுன்னு நான் எழுத முடியும்." "எழுதுங்க சார், ரொம்ப நல்லது. செல்லாத அட்மிஷன்னா என் பொண்ணு இங்க சேரவே இல்லை. சேராத பொண்ணோட மார்க் ஷீட்டை நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க?" அவர் என்னையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். "நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டா?" "வரட்டும் சார். ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது மக படிச்ச காலேஜைப் பார்த்த மாதிரி இருக்கும்." செண்பகலட்சுமி இருமினாள். இருமலா அது? பிரின்ஸ்பால் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "தகப்பனார் சம்மதம் இல்லாம, தாயாரோட முழுப் பொறுப்புல வாங்கிக்கறேன்னு எழுதுங்க. எந்தப் பிரச்சினை வந்தாலும் நீங்கதான்." அவர் எழுதச் சொன்னது ஒரு வரி. நான் இரண்டையும் எழுதினேன், அசூந்தாவின் எழுத்தில், ஒரு எழுத்துக்கூடச் சாயாமல். எந்தப் பிரச்சினை வந்தாலும் நான்தான். அதற்குக் கீழே மறுபடி வசுமதி. இரண்டாவது தடவை கொஞ்சம் கைவந்தது.

ஒன்று இருபதுக்கு பைபாஸில் நின்று கைகாட்டி பஸ் ஏறினேன். தேனி பஸ், மெடிக்கல் காலேஜ் வாசலில் க.விலக்கில் நிற்கும். ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டேன். தாரணிக்கு, "வாங்கிட்டேன்" என்று மெசேஜ் போட்டேன். அவருக்கு ஆறாவது தடவை அடித்துப் பார்த்தேன், இல்லை. மதுரையைத் தாண்டும்போது அவரே கூப்பிட்டார். "எங்க இருக்க?" "பஸ்ல." "குடுத்துட்டானா?" "குடுத்துட்டாங்க." ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. "என் பேரைப் போட்டியாக்கும்." குரலில் கோபம் இல்லை, ஏதோ தெரிந்த கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது. "இல்லைங்க. என் பேரைப் போட்டேன்." ஒரு லாரியை முந்திக்கொண்டு பஸ் போயிற்று. "என்னைக் கேக்கணும்னு தோணலையா வசுமதி?" முழுப் பெயரைச் சொன்னார். "ஆறு தடவை கூப்பிட்டேனே." "கேக்கறதுக்கா?" "நாலு தடவை கேக்கறதுக்கு. கடைசி ரெண்டு தடவை சொல்றதுக்கு." அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "எங்கம்மா இறங்கணும்?" என்றான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னேன், அவருக்கும் கேட்கட்டும் என்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி: "மெடிக்கல் காலேஜ். ஒண்ணு."